வலியறிதல்

சில சொற்களை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ஒருநாளும் நின்று பார்ப்பதில்லை. 'சுகப்பிரசவம்' அத்தகைய ஒரு சொல். வயிற்றைக் கீறாமல் குழந்தை பிறந்துவிட்டால் அது சுகப்பிரசவம். பெற்றவள் பன்னிரண்டு மணி நேரம் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு கதறியிருக்கலாம். கடித்த உதட்டில் குருதி கசிந்திருக்கலாம். எனினும் தாழ்வாரத்தில் காத்திருப்போரிடம் செவிலி வந்து சொல்லும் சொல் அதுவே. கேட்டவர்கள் முகம் மலர்வார்கள். அந்தச் சுகம் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

'வலி' என்னும் சொல்லும் அப்படித்தான். பழந்தமிழில் அச்சொல்லுக்குப் பெரும்பாலும் வலிமை என்றே பொருள். திருக்குறளின் 48ஆம் அதிகாரம் 'வலியறிதல்'. வகுப்பில் அதைத் தொடங்கும்போதெல்லாம் பின்வரிசை மாணவர் எவரேனும் ஒருவர், "வலின்னா நோவுதானேங்க ஐயா?" என்று கேட்பார். வகுப்பு சிரிக்கும். வலிமை எப்படி நோவாயிற்று என்பதற்கு ஆசிரியரிடம் ஒரு விடை ஆயத்தமாக இருக்கும். தாங்கும் வலிமை வேண்டுவதால் அது வலி ஆயிற்று என்று அழகாகச் சொல்லி அடுத்த குறளுக்குப் போய்விடலாம். பல ஆண்டுகள் அப்படித்தான் போனோம். அந்த விடை எவ்வளவு வசதியானது என்பது பின்னரே விளங்கியது.

இக்கட்டுரையை 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். எழுதுபவன் எங்களில் ஒருவன். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். எழுதியதைப் படித்துத் திருத்தியவள் எங்களில் மற்றவள். எங்கள் இரு குழந்தைகளையும் பெற்றவள். பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசும்போது கணவன்மார் எல்லாரும் 'நாங்கள்' என்கிறார்கள். 'நாங்கள் மருத்துவமனைக்குப் போனோம், நாங்கள் இரவெல்லாம் விழித்திருந்தோம், எங்களுக்குப் பெண் பிறந்தாள்.' வலி வரும் இடத்தில் மட்டும் அந்தப் பன்மை உடைந்துவிடுகிறது. அவ்விடத்தில் அவள் மட்டுமே இருக்கிறாள்.

2009ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் மூத்தவள் பிறந்தாள். முன்னிரவில் இடுப்பு வலி கண்டது. நள்ளிரவுக்குள் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு மணி அளவில் கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்திருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் ஆறு சென்டிமீட்டர் இருந்தது. "வலி தெரியாம ஊசி போடுவாங்கன்னு சொன்னாங்களே, அதக் கேளுங்க," என்றாள் அவள். எபிடியூரல் எனப்படும் முதுகு ஊசி அது.

வெளியே அம்மா அமர்ந்திருந்தார். செய்தியைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நாங்கல்லாம் பெக்கலையா? இந்த வலியைப் பொறுக்காதவ நாளைக்குப் பிள்ளையை எப்படிப்பா வளப்பா?" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஓர் உண்மையை நினைவூட்டுவது போலத்தான் சொன்னார்.

எங்களில் தமிழ் படித்தவன் அப்போது என்ன செய்தான் என்பதை எழுத வேண்டும். அவன் தயங்கினான். பட்டினத்தார் தம் தாயின் ஈமச் சடங்கில் பாடிய பாடல்களைக் கண்கலங்கக் கற்பித்தவன் அவன். தாய்மையின் பெருமை அவள் பட்ட நோவில் இருக்கிறது என்பதை ஐயமின்றி நம்பியவன். ஊசியால் முதுகெலும்பு கெட்டுவிடுமோ, குழந்தைக்கு ஏதும் ஆகுமோ என்று தன் தயக்கத்துக்கு வேறு பெயர்கள் வைத்துக்கொண்டான். அரை மணி நேரம் கழித்தே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டான். உள்ளே அந்த அரை மணி நேரம் எப்படிக் கழிந்தது என்பதை அவள் இன்றுவரை விவரித்ததில்லை. கேட்கும் துணிவும் வந்ததில்லை.

ஊசி போட்டபின் வலி அடங்கியது, உறங்கினாள். விழித்தபோது, "என் காலு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இடுப்புக்குக் கீழே தன் உடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. வலி தலைகாட்டும்போதெல்லாம் மீண்டும் மருந்து செலுத்தினார்கள். கால்கள் மேலும் கல்லாயின. விடிந்தபின் கருப்பை வாய் முழுதும் திறந்தது. செவிலியர், "முக்கும்மா, முக்கு" என்றார்கள். எங்கே முக்குவது, எப்போது முக்குவது என்று உடல் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் முயன்றபின் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். குழந்தை நலம். இரு கன்னங்களிலும் இருந்த சிவந்த தடங்கள் சில நாளில் மறைந்தன.

வேறொரு தடம் மறையவில்லை. "ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை" என்று உறவினர் சொல்லும்போதெல்லாம் அவள் முகம் தாழும். பேச்சுவாக்கில் அவளே ஒருமுறை சொன்னாள்: "நான் எங்கங்க பெத்தேன்? அவங்கதான் எடுத்தாங்க." பெறுதல், எடுத்தல் என்னும் இரு வினைகளுக்கும் இடையே இத்தனை துயரம் இருக்கக்கூடும் என்பதை எந்த இலக்கண நூலும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

*

மகப்பேற்றில் வலி நீக்கும் முயற்சிக்குச் சொல்லாராய்ச்சியோடு ஒரு பழைய உறவு உண்டு. எடின்பரோ நகரின் மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847ஆம் ஆண்டு சனவரியில் ஈதரையும், அதே ஆண்டு நவம்பரில் குளோரோஃபார்மையும் பேறுகால வலிக்குப் பயன்படுத்தினார். பெண் வேதனையோடுதான் பிள்ளை பெறுவாள் என்று ஆதியாகமத்தில் இறைவன் விதித்திருக்க, அதை மனிதன் மாற்றலாமா என்ற கேள்வி எழுந்தது. அந்த எதிர்ப்பு பிற்காலத்தில் மிகைப்படுத்திச் சொல்லப்பட்டது எனச் சில வரலாற்றாய்வாளர்கள் கருதுவர். ஆயினும் சிம்ப்சன் அதற்கு விடையாக ஒரு சிறுநூலே எழுதினார். அதில் அவர் சென்று நின்றது எபிரேய மூலத்தில். வேதனை என மொழிபெயர்க்கப்பட்ட சொல் உழைப்பையும் பாடுபடுதலையும் குறிக்கும். நிலத்தில் ஆதாம் படவேண்டிய பாட்டுக்கும் மூலத்தில் அச்சொல்லே உள்ளது. ஏரும் இயந்திரமும் கொண்டு ஆணின் பாட்டைக் குறைத்துக்கொள்வது பாவமில்லையெனில் பெண்ணின் பாட்டைக் குறைப்பதும் பாவமில்லை என்பது அவர் வாதம். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் இறைவன் அவனுக்கு ஆழ்ந்த உறக்கத்தை அளித்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒரு சொல்லின் பொருளை விரித்துப் பெண்களுக்கு வழிவிட்ட அந்த மருத்துவரையும், 'வலி'க்கு அழகான விளக்கம் சொல்லி அடுத்த குறளுக்குப் போன தமிழாசிரியனையும் அருகருகே வைத்துப் பார்க்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் விக்டோரியா அரசி தம் எட்டாவது குழந்தையைப் பெற்றபோது ஜான் சுனோ அவருக்குக் குளோரோஃபார்ம் அளித்தார். மறு ஆண்டு இலண்டனில் காலரா பரவியபோது பிராடு தெருக் குழாயடியைச் சுட்டிக்காட்டியவரும் இதே சுனோதான். அரசியே ஏற்றுக்கொண்டபின் பிறரின் தயக்கம் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரிலிருந்து 'அந்தித் துயில்' என்றொரு முறை புகழ்பெற்றது. மார்ஃபினும் ஸ்கோபொலமினும் கலந்து கொடுப்பார்கள். அம்முறையில் வலி முற்றாக நீங்குவதில்லை, நினைவுதான் நீங்கும். பெண்கள் கதறுவார்கள், புரள்வார்கள். விழித்தெழும்போது ஒன்றும் நினைவிராது. குழந்தைகள் சில வேளைகளில் மூச்சுவிடத் திணறிப் பிறந்தன. நினைவில் இல்லாத வலி நேர்ந்த வலிதானா என்னும் கேள்வி மெய்யியலுக்கு உரியது. அன்று அதற்கு விடை சொல்லும் இடத்தில் இருந்தவர்கள் வலியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே. குழந்தை பிறந்ததும் அதன் நிறம், நாடித் துடிப்பு, மூச்சு முதலிய ஐந்தையும் மதிப்பெண்ணாகக் குறிக்கும் முறையை 1953இல் வெளியிட்ட வர்ஜீனியா அப்கார் ஒரு மயக்கவியல் மருத்துவர் என்பது தற்செயலன்று. தாய்க்குக் கொடுக்கும் மருந்து சேய்க்கு என்ன செய்கிறது என்பது அவர் துறையின் ஓயாத கவலை.

நினைவைக் கெடுக்காமல் வலியை மட்டும் தடுக்கும் வழி முதுகுப் பக்கமாக வந்தது. ஸ்பானியப் படை மருத்துவர் ஃபிடல் பாஹெஸ் என்பவர், இடுப்புப் பகுதியில் தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தி அறுவை செய்யும் முறையை 1921இல் எழுதினார். 1923இல் ஒரு சாலை விபத்தில் இறந்தார். ஸ்பானிய மொழியில் இருந்த அக்கட்டுரை பிற நாட்டவர் கண்ணில் அதிகம் படவில்லை. பத்தாண்டு கழித்து இத்தாலியர் தோலியோட்டி அதே முறையைத் தாமாக எழுதிப் பரப்பினார். மொழியின் எல்லையில் மறைந்து கிடந்த ஆக்கங்களின் கதையை இலக்கிய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

*

இவற்றையெல்லாம் நாங்கள் படித்தது 2016இல், இரண்டாம் பேற்றின்போது. அதற்குக் காரணம் ஒரு மயக்கவியல் மருத்துவர். இம்முறை வேறு மருத்துவமனை. ஏழாம் மாதத்தில் அவரைக் கண்டோம். ஐம்பதை நெருங்கிய பெண்மணி. "பழைய ஃபைல் இருக்காம்மா?" என்றார். இருந்தது. ஒரு தாளில் அவர் விரல் நின்றது.

"பூபிவக்கெய்ன் 0.25 விழுக்காடு. ஒவ்வொரு தடவையும் பத்து மில்லி. கூட எதுவும் கலக்கலை. கால் ரெண்டும் மரத்துப் போயிருக்குமே?"

ஏழு ஆண்டுகளாக எவரும் கேட்காத கேள்வி அது. அவள் அழுதுவிட்டாள்.

மருத்துவர் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து விளக்கினார். முதுகெலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் ஓர் உறைக்குள் இருக்கிறது. உறைக்கு வெளியே கொழுப்பும் சிறு குருதி நாளங்களும் கொண்ட மெல்லிய இடைவெளி உண்டு. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, இடுப்பெலும்புகளின் நடுவே ஊசியைச் செலுத்துவார்கள். கெட்டியான தசைநார்களைக் கடக்கும்வரை ஊசிக்குழலை அழுத்தினால் எதிர்த்து நிற்கும். இடைவெளியை அடைந்த நொடியில் அந்த எதிர்ப்பு சட்டென்று அற்றுப்போகும். மருத்துவரின் கட்டைவிரலுக்கு மட்டுமே அது தெரியும். அவ்விடத்தில் நூல் போன்ற ஒரு குழாயை விட்டுவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். அக்குழாய் வழியே வேண்டும்போது மருந்து போகும். வலியறிதலை அடுத்து வள்ளுவர் காலமறிதலையும் இடனறிதலையும் வைத்ததன் முறைமை எங்களுக்கு அந்த அறையில் வேறொரு வகையில் விளங்கிற்று.

இடம் சரியாக அமைந்தபின் எழும் கேள்வி, எந்த மருந்து, எவ்வளவு செறிவு, துணைக்கு எது என்பதே. பூபிவக்கெய்ன் 1957இல் சுவீடனில் உருவாக்கப்பட்டது. நரம்பு வழியே செய்தி செல்ல வேண்டுமானால் சோடியம் அயனிகள் நரம்பின் சுவரிலுள்ள வாயில்கள் வழியே உள்ளே நுழைய வேண்டும். இம்மருந்து அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. வலியைச் சுமக்கும் நரம்பிழைகள் மெல்லியவை. காலை அசைக்கும் இழைகள் தடித்தவை. மருந்து செறிவாக இருந்தால் இரண்டும் அடங்கிவிடும். நீர்த்ததாக இருந்தால் மெல்லிழைகள் அடங்கும். தடித்தவை பெரும்பாலும் தப்பும். ஆனால் நீர்த்த மருந்து தனித்து நின்றால் கடும் வலியைத் தடுக்கப் போதாது. அங்கேதான் துணை வருகிறது.

துணை, ஃபென்டனில். பெல்ஜியத்தின் பால் யான்சன் குழுவினர் 1960இல் உருவாக்கிய, அபின் வகையைச் சேர்ந்த செயற்கை மருந்து. அது நரம்பின் வாயிலைத் தொடுவதில்லை. தண்டுவடத்தின் பின்புறத்தில் வலிச்செய்தி கைமாறும் இடத்தில் அமர்ந்து அச்செய்தியைத் தணிக்கிறது. கால்களை அது மரக்கச் செய்வதில்லை. இருவேறு இடங்களில் இருவேறு வழிகளில் செயற்படுவதால் இரண்டும் சேரும்போது ஒவ்வொன்றும் சிறிதளவே போதும். 0.1 விழுக்காடு பூபிவக்கெய்ன், மில்லிக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில். பத்து மில்லி செலுத்தினால் பழைய கணக்கில் 25 மில்லிகிராம் பூபிவக்கெய்ன். புதிய கணக்கில் பத்தே மில்லிகிராம். ஒரு செயலில் இறங்குமுன் தன் வலிமையோடு துணையின் வலிமையையும் எண்ணிப் பார்க்கச் சொன்ன குறளை இத்தனை ஆண்டு அரசியலாக மட்டுமே கற்பித்து வந்திருக்கிறோம்.

"இது புதுசு ஒண்ணுமில்லை," என்றார் மருத்துவர். உண்மைதான். பிரிட்டனில் 1,054 தலைப்பிரசவப் பெண்களிடம் செய்த 'காமெட்' ஆய்வு 2001இல் வெளிவந்தது. 0.25 விழுக்காடு பூபிவக்கெய்ன் தனித்துப் பெற்ற பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினர் கருவியின்றித் தாமே பெற்றனர். நீர்த்த மருந்தும் ஃபென்டனிலும் பெற்றோரில் அது சுமார் 43 விழுக்காடு. நூற்றுக்கு எட்டுப் பேர் வேறுபாடு. அந்த எட்டில் ஒருத்தியாக அவள் இருந்திருப்பாளா? சொல்ல முடியாது. தலைப்பிரசவத்தில் ஆயுதம் தேவைப்பட வேறு காரணங்களும் உண்டு என்று மருத்துவரும் சொன்னார். ஆனால் "பொறுமையில்லாததால் வந்தது" என்பது அக்காரணங்களுள் ஒன்றன்று என்பது மட்டும் உறுதியாயிற்று.

"2009ல அவங்க தப்பு பண்ணலை சார். கையில இருந்த மருந்தை வச்சுப் பாத்திருக்காங்க. அப்ப எத்தனையோ ஆஸ்பத்திரியில ஃபென்டனிலுக்கு லைசென்ஸ் கிடையாது," என்றார். போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இத்தகைய மருந்துகளை வாங்கி வைக்க மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பல உரிமங்கள் வேண்டியிருந்தன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. 2015இல் மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என அறிவிக்கப்பட்டு, நாடு முழுதும் ஒரே வகை உரிமம் வந்தது. கடத்தல்காரனைத் தடுக்க எழுதிய விதி, பிரசவ அறையில் ஒருத்தியின் கால்களையும் கட்டிப் போட்டிருக்கலாம் என்பதை அன்றுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

வேறு மருந்துகள் நல்லவையா என்று கேட்டோம். பூபிவக்கெய்ன் தவறிக் குருதிநாளத்தில் பெருமளவு புகுந்தால் இதயத்தைத் தாக்கும், மீட்பது கடினம். அதன் 0.75 விழுக்காட்டுக் கரைசலை மகப்பேற்றில் பயன்படுத்துவது அமெரிக்காவில் 1984இல் கைவிடப்பட்டது. மாற்றாக 1996இல் ரோபிவக்கெய்ன் வந்தது. பின்னர் லீவோபூபிவக்கெய்ன் வந்தது. ஒரே மூலக்கூறு வலக்கை, இடக்கை போல இரு வடிவம் கொள்ளும். பூபிவக்கெய்ன் இரண்டும் கலந்தது. புதியவை இரண்டும் இடக்கை வடிவம் மட்டுமே கொண்டவை. இதயத்துக்குத் தீங்கு குறைந்தவை. ரோபிவக்கெய்ன் கால்களையும் குறைவாகவே மரக்கச் செய்கிறது என்று தொடக்கத்தில் பெருமையாகப் பேசப்பட்டது. பிறகு 1999இல் வந்த ஆய்வுகள், வலி நீக்குவதில் அதன் வீரியமே பூபிவக்கெய்னைப்போல் அறுபது விழுக்காடு அளவுதான் என்று காட்டின. மருத்துவர் சிரித்தார்: "ரெண்டாம் டிகாக்‌ஷனை முதல் டிகாக்‌ஷனோட வச்சுப் பாத்துட்டு, இது தூக்கத்தைக் கெடுக்கலைன்னு சொன்ன மாதிரி." இன்றைய நீர்த்த கலவைகளில் எந்த மருந்தானாலும் பிரசவ முடிவில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர் கருத்து. ஒப்பிடும் பொருள்களைச் சமமான அளவில் நிறுத்தாமல் ஒப்பிடக்கூடாது. ஒப்பிலக்கியம் நடத்துபவர்களும் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளத்தக்க பாடம் இது.

தீமைகளையும் அவர் மறைக்கவில்லை. குருதி அழுத்தம் குறையலாம், காய்ச்சல் வரலாம், உடல் அரிக்கலாம், ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு ஊசி உறையைத் துளைத்துவிட்டால் சில நாள் கடும் தலைவலி இருக்கும். நீண்டநாள் முதுகுவலிக்கு இந்த ஊசி காரணமில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன என்றார். எங்கள் தெருவில் இன்றும் எவரும் அதை நம்புவதில்லை.

விடைபெறும்போது கணவனின் கை படிவத்தை நோக்கி நீண்டது. மருத்துவர் படிவத்தை அவள்பக்கம் திருப்பினார். "வலி அவங்களுக்கு. கையெழுத்தும் அவங்களே போடட்டும்."

*

இரண்டாம் பேறு பங்குனியில். இம்முறை அவள் கேட்டவுடன் ஊசி போட்டார்கள். யாரும் வெளியே சென்று எவரிடமும் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் வலி தணிந்தது. பிறகு மூக்கு நுனி அரிக்கத் தொடங்கியது; ஃபென்டனிலின் வேலை. மூக்கைச் சொறிந்துகொண்டே அவள் கால் விரல்களை அசைத்துக் காட்டினாள். "இருக்குங்க, ரெண்டு காலும் இருக்கு," என்றாள். கருப்பை இறுகுவதை அவளால் உணர முடிந்தது. யாரோ வயிற்றைக் கையால் அழுத்துவது போலிருந்ததாம். இறுதியில் கீழே ஒரு பெரும் பாரம் இறங்கியது. முக்கு என்று செவிலி சொல்லுமுன் அவளே முக்கினாள். இருபத்தைந்து நிமிடம். பையனைப் பெற்றாள். பெற்றாள் என்ற வினையை அவளே பயன்படுத்தினாள்.

மருந்துதான் எல்லாம் செய்தது என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டாம் பேறு முதலாவதைவிட எளிது என்பது எல்லாரும் அறிந்தது. ஒரே ஒருத்தியின் இரு பேறுகளைக் கொண்டு மருந்துகளை ஒப்பிடுவது, மேலே சொன்ன டிகாக்‌ஷன் பிழையையே செய்வதாகும். அதற்குத் தொகுப்பாய்வுகள் உண்டு. நாற்பது ஆய்வுகளையும் 11,000க்கும் மேற்பட்ட பெண்களையும் உள்ளடக்கிய காக்ரேன் தொகுப்பு 2018இல் வந்தது. எபிடியூரலால் வயிற்று அறுவை கூடுவதில்லை. கருவி கொண்டு எடுப்பது பழைய ஆய்வுகளில் கூடியிருந்தாலும் 2005க்குப் பிந்தைய ஆய்வுகளில் அப்படிக் கூடவில்லை என்கிறது அது. நடுவே மாறியவற்றுள் முதன்மையானவை மருந்தின் செறிவும் அதைச் செலுத்தும் முறையுமே. ஊசியின்றிப் பெற விரும்பும் பெண்ணின் விருப்பமும் இதே அளவு மதிக்கத்தக்கது. வலியை அறிந்து அதைக் கடக்கத் துணிவதும், வலியை அறிந்து அது வேண்டாம் என்பதும் அவளுக்கு உரியவை. அவளுக்காகப் பிறர் அறிந்துகொள்ள முடியாது.

எங்கள் ஊர் மலைக்கோட்டையில் கோயில்கொண்ட இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். பேறுகாலத்தில் தவித்த ஒரு பெண்ணின் தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையில் நின்றுவிட, இறைவனே அத்தாயின் உருவில் வந்து உடனிருந்து பேறு பார்த்தான் என்பது தலபுராணம். வலியின் பெருமையை அவன் அவளுக்கு எடுத்துரைத்ததாகக் கதை சொல்வதில்லை. வந்தான், அருகிருந்தான், செய்ய வேண்டியதைச் செய்தான். உண்மையான தாய் வந்தபின் மறைந்தான்.

பையன் பிறந்த மூன்றாம் நாள். அறையில் அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். அவள் எழுந்து நடந்து சென்று தண்ணீர் எடுத்துக் குடித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, ஊசி போட்டப்புறம் நெசமாவே வலி தெரியலையா?"

"தெரிஞ்சுது அத்தை. ஆனா பொறுக்கற மாதிரி இருந்துது."

அம்மா குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "இவனப் பெக்கறப்ப," என்று எங்களில் ஒருவனைக் கண்ணால் காட்டினார், "ரெண்டு நாளு. செத்துப் போயிடறேன், விட்டுடுங்கன்னு மருத்துவச்சி கையப் புடிச்சுக் கெஞ்சினேன். யாருகிட்டயும் சொன்னதில்ல." சற்று நேரம் கழித்து, "அந்தக் காலத்துலயே இந்த ஊசி இருந்துச்சாமா? கேட்டிருந்தா எனக்கும் போட்டிருப்பாங்களா?" என்றார்.

இருந்தது. நாங்கள் சொல்லவில்லை. அவள் போய் அம்மாவின் அருகில் அமர்ந்து தோளில் கைவைத்தாள். 'நாங்கல்லாம் பெக்கலையா' என்று ஏழு ஆண்டுகளுக்குமுன் கேட்டபோது அந்தப் பன்மைக்குள் எத்தனை தனிமை இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போதும் வலியறிதல் அதிகாரத்தைக் கற்பிக்கிறோம். பின்வரிசையிலிருந்து அதே கேள்வி இப்போதும் வருகிறது. "ஆமாம், நோவுக்கும் அதுதான் சொல்," என்று சொல்லிவிட்டு, அழகான விளக்கம் எதுவும் சேர்க்காமல் நிறுத்திக்கொள்கிறோம்.